உரசும் சக்கரம்

மலைநாட்டில் வந்து குடியேறி வாழும் தமிழ்க் குடும்பங்களுள் ஜீப் வண்டியை அறியாத குடும்பம் அரிது. தேயிலைத் தோட்டத்திற்கும் ஏலத் தோட்டத்திற்கும் நம் பெற்றோரை ஏற்றிச் சென்றதும், பேறுகாலத்தில் தாய்மாரை மருத்துவமனைக்கு இறக்கிக் கொணர்ந்ததும், பொங்கலுக்குக் கரும்பும் தீபாவளிக்குத் துணிமணியும் சுமந்து வந்ததும் அவ்வண்டியே. ஆகவே, ஜீப்பின் சக்கரம் மட்கார்டில் உரசுவதைப் பற்றி ஒரு கட்டுரை எழுதப் புகுந்தால், "இது என்ன பட்டறைப் பேச்சு?" என்று வாசக அன்பர்கள் முகம் சுளிக்கமாட்டார்கள் என நம்புகிறோம். செய்தி சிறியதுதான். ஆயினும், அச்சிறு செய்தியைச் சிறிதென்று தள்ளியிருந்தால், ஒரு குடும்பமே மலைச்சரிவில் இடர்ப்பட்டிருக்கக்கூடும். அதனாலேயே இதனை எழுதத் துணிந்தோம்.

ஜீப் போருக்காகப் பிறந்த வண்டி. 1941-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் வில்லிஸ் நிறுவனத்தார் செய்த வண்டிக்கு முன்சக்கரத்திற்கும் பின்சக்கரத்திற்கும் இடையே 80 அங்குலமே நீளம். டயரும் ஒடுக்கமானது, 6.00-16 என்னும் அளவினது. போர் முடிவதற்குள் வில்லிசும் போர்டும் சேர்ந்து 6 இலட்சத்திற்கும் மேற்பட்ட ஜீப்புகளைச் செய்து தள்ளின. 1940-களின் இறுதியில் பம்பாயில் மஹிந்திரா நிறுவனத்தார் அவ்வண்டிகளை இங்கே இணைத்துத் தரத் தொடங்கினர். அதன்பின் ஜீப் நம் நாட்டு வண்டியாகவே ஆகிவிட்டது.

போர்க்காலத்து மூலவண்டிகள் இன்று கிடைப்பது அருமை. ஆனால் அவற்றின் தாழ்ந்த பானட்டும் தட்டையான மட்கார்டும் மக்கள் மனத்தை விட்டு அகலவில்லை. எனவே பழைய ஜீப்பின் அடிச்சட்டத்தையும் எஞ்சினையும் வைத்துக்கொண்டு, மூலத்தைப் பார்த்துப் புதிய உடலைத் தகட்டில் அடித்துப் பொருத்தும் தொழில் வளர்ந்தது. அரியானா மாநிலத்து மண்டி டப்வாலி என்னும் ஊர் இத்தொழிலுக்குப் பெயர்பெற்றது. இவற்றைப் பிரதி வண்டிகள் என்று சொல்லலாம்.

இந்த ஆசை நம் நாட்டார்க்கு மட்டும் உரியதன்று. இங்கிலாந்தில் 1957-இல் காலின் சாப்மன் என்பார் வெளியிட்ட லோட்டஸ் செவன் என்னும் சிறு காரைப் பிரித்த பாகங்களாகப் பெட்டியில் வாங்கி, வீட்டுக் கொட்டகையிலேயே பூட்டி ஓட்டியவர் பலர். முழுக் காருக்கு இருந்த கொள்முதல் வரி பாகங்களுக்கு இல்லாமையே அதற்குக் காரணம். 1962-இல் அமெரிக்கரான கரோல் ஷெல்பி, ஆங்கிலேயக் கார் ஒன்றில் போர்டு எஞ்சினைப் பூட்டிக் கோப்ரா என்னும் வண்டியை உண்டாக்கினார். மூலக் கோப்ராக்கள் சுமார் ஆயிரமே. இன்று சாலையில் காணப்படுபவற்றுள் பெரும்பாலானவை பிரதிகளே. அவற்றை வைத்திருப்போரும் அகன்ற டயரைப் பூட்டிவிட்டு, அது மட்கார்டில் உரசுகிறதே என்று தலையைச் சொறிந்துகொள்வது வழக்கம். ஒருவர் செய்த உடல், வேறொருவர் செய்த அச்சு, மூன்றாமவர் செய்த ரிம், நான்காமவர் செய்த டயர் ஆகிய நான்கும் ஓரிடத்தில் கூடும்போது, அளவு பிசகுவதற்கு இடம் இருக்கத்தானே செய்யும்!

நிற்க. எங்கள் வண்டியின் கதைக்கு வருவோம்.

எங்கள் தந்தையார் அம்பாசமுத்திரப் பக்கத்தவர். 1965-ஆம் ஆண்டில் பொன்முடி மலைச்சாரலில் ஒரு தேயிலைத் தோட்டத்திற்குக் கணக்கெழுத வந்தார். எங்கள் தாயாரும் அங்கேதான் வாழ்க்கைப்பட்டு வந்தார். உடன்பிறந்தார் மூவரும் அந்த மலைக் குளிரிலேயே வளர்ந்தோம். ஓய்வு பெற்றபின் திருவனந்தபுரத்தில் கரமனைக்கு அருகே வீடு அமைத்துக்கொண்டோம். நான்கு ஆண்டுகளுக்கு முன் தாயார் காலமானார். அதுமுதல் தந்தையார்க்கு ஒரே ஓர் ஆசை. தோட்டத்துக் குடியிருப்பின் பின்புறம் தாயார் நட்டு வளர்த்த நாரத்தை மரத்தை ஒருமுறை பார்த்துவிட்டு வரவேண்டும். "காரில் போகலாமே, அப்பா" என்றோம். "காரில் போனால் போய்ச் சேரலாம். ஜீப்பில் போனால்தான் அங்கே போன மாதிரி இருக்கும்" என்றார் அவர். அவருக்கு வயது 82. மறுத்துச் சொல்ல எங்கள் மூவருக்கும் மனம் வரவில்லை.

அவ்வாறு வாங்கியதுதான் தாழ்ந்த பானட் கொண்ட இந்தப் பிரதி ஜீப். உடல் மாற்றம் முன்பே முறைப்படி பதிவாகியிருந்த வண்டி அது. பச்சை வண்ணமும் தட்டை மட்கார்டும் கண்ட தந்தையார் சிறுபிள்ளைபோல் அதனைச் சுற்றிச் சுற்றி வந்தார். ஆனால் வீட்டார் ஐவர் ஏறி அமர்ந்து கரமனைப் பாலத்தைத் தாண்டியதும், சாலை மேட்டில் ஏறி இறங்கும்போதெல்லாம் இடப்புற முன்சக்கரத்திலிருந்து 'சர்ர்' என்றோர் ஓசை எழுந்தது. வலப்புறமாக முழுதும் திருப்பினால் ஓசை கூடியது. வீடு திரும்பியபின் இரப்பர் கருகும் நாற்றமும் வீசியது.

உரசல் என்றால் ஓசை மட்டுமே என்று எண்ணுவோர் உளர். அஃது அவ்வளவோடு நிற்பதன்று. டயரில் தரையைத் தொடும் பகுதி தடித்தது. அடியில் வலுவான பட்டைகளைக் கொண்டது. பக்கச்சுவரோ மெல்லியது, உள்ளிருக்கும் நூலிழைகளே அதன் வலிமை. மட்கார்டின் தகட்டு விளிம்பு அங்கே கத்திபோல் அறுக்கும். தரைப்பகுதியில் ஆணி குத்தினால் ஒட்டுப் போடலாம். பக்கச்சுவர் அறுந்தால் ஒட்டுப் போட்டு நம்புவதற்கில்லை, டயரையே மாற்றவேண்டும். அது மலைப்பாதையின் கொண்டை ஊசி வளைவில் வெடிக்குமானால் விளைவைச் சொல்லத் தேவையில்லை.

ஓசை எழுந்த செய்தி பரவியதும் அறிவுரைகள் வந்து குவிந்தன. சாலைக் கடைத்தெருவில் வாணிகம் செய்யும் உறவினர் ஒருவர், "மட்கார்டின் விளிம்பை இரண்டு விரல் அகலத்திற்கு வெட்டி எறியுங்கள், அரை மணி நேர வேலை" என்றார். பக்கத்து வீட்டு இளைஞர், சுத்தியால் தட்டி விளிம்பை மேல்நோக்கி மடித்துவிடலாம் என்றார். மற்றொருவர், உடலுக்கும் அடிச்சட்டத்திற்கும் நடுவே தடித்த இரப்பர்க் கட்டைகளை வைத்து உடலையே உயர்த்தச் சொன்னார். எல்லாரும் நல்லெண்ணத்தோடு சொன்னவர்களே. ஆயின், தந்தையார் ஒருவர் மட்டும் வேறு கேள்வி கேட்டார்.

"இடப்புறம் மட்டும் ஏன் உரசுகிறது? மட்கார்டு சிறிதென்றால் இரண்டு பக்கமும் அல்லவா உரச வேண்டும்?"

கணக்கப்பிள்ளையின் கண் அது. தோட்டத்தில் கொழுந்து நிறுக்கும்போது ஒரு கூடை மட்டும் எடை குறைந்தால், கூடையைத் திட்டாமல் தராசைப் பார்ப்பது அவர் பழக்கம். பழைய பேரேடு ஒன்றை எடுத்துக்கொண்டு வந்து, மூன்று நாள் யாரும் வண்டியில் கை வைக்கக்கூடாது என்றார். எந்தச் சாலை, எத்தனை பேர் ஏறியிருந்தார்கள், எந்தப் பக்கம் திருப்பியபோது, மேட்டிலா பள்ளத்திலா என்று ஒவ்வோர் உரசலையும் அதில் பதியச் செய்தார். மூன்றாம் நாள் மாலை பேரேடே பேசிற்று. ஒருவர் மட்டும் அமர்ந்து நேரே ஓட்டினால் ஓசை இல்லை. சுமை ஏறினால் இடப்புறம் உரசுகிறது. வலப்புறம் திருப்பினால் சுமையின்றியே இடப்புறம் உரசுகிறது. வலப்புறச் சக்கரம் ஒருமுறைகூட உரசவில்லை.

பேரேட்டையும் வண்டியையும் கொண்டு, நேமம் செல்லும் சாலையில் பட்டறை வைத்திருக்கும் ஒரு முதியவரிடம் சென்றோம். பாறசாலையில் பிறந்தவர், தமிழும் மலையாளமும் ஒருங்கே பேசுபவர். எல்லாரும் அவரை ஆசான் என்றே அழைப்பர். நாங்கள் கமான் பட்டை என்பதை அவருடைய பையன்கள் லீஃப் என்பார்கள்; ஆசான் மட்டும் ஆளுக்கேற்ப இரண்டு பெயரும் சொல்வார். பேரேட்டைப் புரட்டிப் பார்த்த அவர், "அண்ணாச்சி, வண்டி கொண்டு வருகிறவர்கள் உண்டு. வண்டியின் சாதகத்தோடு வருகிறவர் நீங்கள்தான்" என்று சிரித்தார்.

முதலில் அவர் டயரையும் மட்கார்டையும் துடைத்துவிட்டு, உரசிய தடத்தைப் பார்த்தார். டயரின் மேல்தோள் மட்டும் பளபளத்தால், சக்கரம் மேலெழும்பி மட்கார்டின் கூரையைத் தொடுகிறது என்று பொருள். வெளிப் பக்கச்சுவர் தேய்ந்திருந்தால் விளிம்பு வெட்டுகிறது என்று பொருள். உட்பக்கச் சுவர் தேய்ந்திருந்தால், திருப்பும்போது கமான் பட்டையையோ அடிச்சட்டத்தையோ தொடுகிறது என்று பொருள். எங்கள் வண்டியில் மேல்தோளிலும் வெளிச்சுவரிலும் தடம் இருந்தது. அன்றியும், மட்கார்டின் பின்விளிம்பில் மட்டுமே வண்ணம் உரிந்திருந்தது. முன்விளிம்பு புதிதுபோல் இருந்தது.

பிறகு அளவெடுக்கத் தொடங்கினார். டயரின் மேல் 235/75 ஆர்15 என்று பொறித்திருந்தது. உடலைச் செய்தவர் தந்த சீட்டிலோ 215/75 ஆர்15 என்று குறித்திருந்தது. இந்த எண்களின் பொருளை அறிந்துகொள்வது ஒவ்வொரு வண்டிக்காரருக்கும் நலம். முதல் எண் டயரின் அகலம், மில்லிமீட்டரில் அமைந்தது. இரண்டாவது எண், அந்த அகலத்தில் நூற்றுக்கு எத்தனை பங்கு பக்கச்சுவரின் உயரம் என்பதைக் காட்டும். கடைசி எண் ரிம்மின் குறுக்களவு, அங்குலத்தில் அமைந்தது. இக்கணக்கின்படி 215 டயரின் முழு உயரம் 703.5 மில்லிமீட்டர், 235 டயரின் உயரம் 733.5 மில்லிமீட்டர். உயரத்தில் 30 மில்லிமீட்டர் வேறுபாடு. அதில் பாதியாகிய 15 மில்லிமீட்டர் மட்கார்டின் கூரையை நெருங்குகிறது. அகலத்தில் 20 மில்லிமீட்டர் வேறுபாடு. பக்கத்திற்குப் பத்தாகப் பிரிகிறது.

இன்னொன்றும் உண்டு. டயர் பெருத்தால் மைல் காட்டும் கருவி பொய் சொல்லத் தொடங்கும். சக்கரம் ஒரு சுற்றில் கடக்கும் தொலைவு நூற்றுக்கு நான்கு பங்கிற்கு மேல் கூடிவிடுவதால், கருவி 60 கிலோமீட்டர் வேகம் காட்டும்போது வண்டி உண்மையில் 62-க்கும் மேலாக ஓடிக்கொண்டிருக்கும். மலையிறக்கத்தில் இவ்வேறுபாடும் கணக்கில் கொள்ளத்தக்கதே.

சக்கரத்தைக் கழற்றியபோது மற்றோர் உண்மை வெளிப்பட்டது. ரிம்முக்கும் அச்சுக்கும் நடுவே ஸ்பேசர் என்னும் உலோக வளையம் ஒன்று இருந்தது. 25 மில்லிமீட்டர் தடிப்பு. வண்டி அகன்று கம்பீரமாகத் தோன்றவேண்டும் என்பதற்காக முன்பு வைத்திருந்தவர் பூட்டியது. டயரின் அகலத்தால் வந்த பத்தும் இந்த இருபத்தைந்தும் சேர்ந்து, டயரின் வெளிச்சுவர் இருக்கவேண்டிய இடத்தைவிட 35 மில்லிமீட்டர் வெளியே நின்றது. வலப்புறம் திருப்பும்போது இடச் சக்கரத்தின் பின்தோள் வெளிநோக்கி வீசும். 35 மில்லிமீட்டர் தள்ளி நிற்கும் சக்கரம் அந்த வீச்சில் மட்கார்டின் பின்விளிம்பைச் சென்று தொடுவதில் வியப்பில்லை.

"இதுவே காரணம்! கழற்றி எறிந்துவிடலாம்" என்றோம் நாங்கள். ஆசான் தலையை அசைத்தார்.

"ஸ்பேசர் இரண்டு பக்கமும் இருக்கிறது. பெரிய டயரும் இரண்டு பக்கமும் இருக்கிறது. அண்ணாச்சி கேட்ட கேள்விக்கு இன்னும் பதில் வரவில்லையே" என்றார்.

தரை சமமாக இருந்த இடத்தில் வண்டியை நிறுத்தி, சக்கரத்தின் மையத்திலிருந்து மட்கார்டின் விளிம்பு வரை உள்ள உயரத்தை இருபுறமும் அளந்தார். இடப்புறம் 22 மில்லிமீட்டர் தாழ்ந்திருந்தது. நம் நாட்டில் ஓட்டுநர் அமர்வது வலப்புறம். நாள்பட்ட சுமையால் கமான் தளர்ந்திருந்தால் வலப்புறமே முதலில் தாழவேண்டும். இங்கோ மாறாக இருந்தது. பின்னர் முன்னச்சின் மையத்திலிருந்தும் பின்னச்சின் மையத்திலிருந்தும், கொத்தனார் பிடிக்கும் தூக்குக் குண்டைத் தொங்கவிட்டுத் தரையில் சுண்ணக்கட்டியால் புள்ளி வைத்தார். வண்டியைத் தள்ளிவிட்டுப் புள்ளிகளுக்கு இடையே நாடாவைப் பிடித்து அளந்தார். இடப்புறத்து நீளம் வலப்புறத்தைவிட 12 மில்லிமீட்டர் குறைந்திருந்தது. அஃதாவது, இடப்புறத்தில் முன்னச்சு பின்னோக்கி நகர்ந்திருந்தது!

ஆசானின் முகம் மாறியது. பையனை அழைத்து இடப்புறக் கமானைக் கழற்றச் சொன்னார். அதன் நடுவே பட்டைகளையெல்லாம் கோத்துப் பிடிக்கும் சென்டர் போல்ட் இரண்டு துண்டாக வந்தது. முறிந்த முகத்தில் பாதி துருவேறியும் பாதி புதிதாகவும் இருந்தது; நாள்பட முறிந்து வந்திருக்கிறது. இரண்டாம் பட்டையிலும் ஒரு வெடிப்பு.

அந்தப் போல்ட்டின் தொழிலை அறிந்தால்தான் இதன் கொடுமை விளங்கும். அச்சு கமானின் மேல் அமர்கிறது. போல்ட்டின் தலை அச்சிலுள்ள குழியில் பதிந்து, அச்சை முன்னும் பின்னும் நகரவிடாமல் நிறுத்துகிறது. இருபுறமும் உள்ள யூ போல்ட்டுகள் அச்சையும் கமானையும் இறுக அணைத்துக்கொள்கின்றன. நடுப் போல்ட் முறிந்தபின், அச்சை நிறுத்துவது அந்த அணைப்பு ஒன்றுதான். ஒவ்வொரு பள்ளமும், ஒவ்வொரு பிரேக் அழுத்தமும் அச்சைச் சிறிது சிறிதாகப் பின்னே தள்ளும். ஒருநாள், இறக்கத்தில் முழுச் சுமையோடு பிரேக் பிடிக்கும் வேளையில், அச்சு சட்டென்று நழுவினால், வண்டியின் போக்கு ஓட்டுநரின் கையில் இராது.

தந்தையார் அந்த இரு துண்டுகளையும் உள்ளங்கையில் வைத்து வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "மட்கார்டை வெட்டியிருந்தால்?" என்றார்.

"ஓசை நின்றிருக்கும், அண்ணாச்சி. அச்சு நகர்வது நின்றிருக்காது. சொல்ல வந்த வாயை அடைத்த மாதிரி ஆகியிருக்கும்" என்றார் ஆசான்.

நாங்கள் சொல்ல விரும்பியதும் இதுதான். சக்கரம் உரசுவது நோயன்று, நோயின் அறிகுறி. டயரும் மட்கார்டும் தொட்டுக்கொள்கின்றன என்றால், அவ்விரண்டையும் அதனதன் இடத்தில் நிறுத்தவேண்டிய ஏதோ ஒன்று தளர்ந்தோ, முறிந்தோ, மாறியோ இருக்கிறது. தொட்டுக்கொள்ளும் இடத்தை வெட்டிவிட்டால் காதுக்கு அமைதி கிடைக்கும். வண்டிக்குப் பாதுகாப்புக் கிடைக்காது.

அதன்பின் நடந்த வேலையை ஒழுங்காகச் சொல்லிவிடுகிறோம், பிறர்க்குப் பயன்படும். வெடித்த பட்டையை மாற்றி, இருபுறக் கமான்களுக்கும் ஒரே அளவாக வளைவு ஏற்றினார்கள். புதிய நடுப் போல்ட்டும் புதிய யூ போல்ட்டுகளும் பூட்டப்பட்டன; நீண்டு தளர்ந்த பழைய யூ போல்ட்டுகளைத் திரும்பப் பூட்ட ஆசான் இசையவில்லை. யூ போல்ட் மரைகளை ஒருபுறமே இறுக்காமல், மாறி மாறிக் குறுக்காக இறுக்கவேண்டும். முதல் 100 கிலோமீட்டர் ஓடியதும் மீண்டும் இறுக்கிப் பார்க்கவேண்டும். கமானின் முனைகளிலுள்ள இரப்பர்ப் புஷ்களும், சக்கரம் அளவு மீறி மேலெழாமல் தடுக்கும் இரப்பர்க் கட்டைகளும் மாற்றப்பட்டன. ஸ்பேசர்கள் நீக்கப்பட்டன. டயர்கள் 215 அளவிற்கு மாற்றப்பட்டன. போல்ட் வகையறாவிற்கு ஆன செலவு ஒரு புதிய டயரின் விலைக்கும் குறைவே.

ஸ்பேசரை நீக்கினால் சக்கரம் உள்ளே வருமன்றோ? அதனால் முழுதும் திருப்பும்போது டயரின் உட்பக்கம் கமானைத் தொடுகிறதா என்று பார்க்கவேண்டும். தொடுமானால், திருப்பத்திற்கு எல்லை வைக்கும் நிறுத்து போல்ட்டைச் சற்று வெளியே திருகிச் சரிசெய்யலாம். ஆனால் வரையறையின்றிச் செய்தல் கூடாது. திருப்பம் குறையக் குறைய வண்டி வளைவதற்கு வேண்டிய இடம் கூடும். கொண்டை ஊசி வளைவில் ஒரே வீச்சில் திரும்பாமல் பின்னுக்கு எடுக்க நேரும். ஆசான் ஒரு விரல் இடைவெளி கிடைக்கும் அளவிற்கு மட்டுமே திருகினார்.

இறுதியில் சோதனை. வெறும் வண்டியைப் பார்த்துத் தேர்ச்சி சொல்வது பயனற்றது. ஐம்பது கிலோ மணல் மூட்டைகள் ஏழினை ஏற்றி, ஒரு முன்சக்கரத்தை மட்டும் பலகை மேட்டில் ஏற்றி நிறுத்தி, ஸ்டியரிங்கை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை திருப்பிப் பார்த்தோம். பிறகு மறுசக்கரம். மட்கார்டின் உள்விளிம்பு நெடுகச் சுண்ணக்கட்டியால் தடிப்பாகக் கோடு இழுத்தோம். டயர் தொட்டால் கோடு கலையும். எங்கும் கலையவில்லை.

சட்டத்தையும் ஒரு சொல் சொல்லவேண்டும். 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் உற்பத்தியாளர் குறித்தவற்றிற்கு மாறுபடும்படி உரிமையாளர் வண்டியை மாற்றுதல் கூடாது என்கிறது. 2019 சனவரி 9 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த வழக்கொன்று நம் கேரளத்திலிருந்தே சென்றது. உயர் நீதிமன்றம் தந்த சலுகையை நீக்கி, 52-ஆம் பிரிவை அது வலியுறுத்திற்று. ஆகவே, அழகிற்கென்று மட்கார்டை வெட்டுவதும் சக்கரத்தை வெளியே தள்ளுவதும், பாதுகாப்புக்கு ஆகாததோடு சட்டத்தோடும் உரச வைக்கும். பிரதி வண்டி வாங்க எண்ணும் அன்பர்கள், வண்ணத்தைப் பார்க்குமுன் பதிவேட்டைப் பார்த்தல் நலம்.

சென்ற தை மாதத்தில் ஒரு விடியற்காலை, தந்தையாரை முன் இருக்கையில் அமர்த்திக்கொண்டு புறப்பட்டோம். நெடுமங்காடு, விதுரை, கல்லாறு என்று பாதை செல்கிறது. நகரிலிருந்து பொன்முடி சுமார் 60 கிலோமீட்டர். கல்லாற்றைத் தாண்டியதும் எண்ணிட்ட 22 கொண்டை ஊசி வளைவுகள் தொடங்குகின்றன. தந்தையார் ஒவ்வொரு வளைவின் எண்ணையும் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே வந்தார். "இங்கேதான் ஒரு மழைக்காலத்தில் மண் சரிந்து, உங்கள் அம்மாவோடு விடிய விடிய வண்டியில் உட்கார்ந்திருந்தேன்" என்று ஓரிடத்தில் காட்டினார். பேரப்பிள்ளைகள் இருவரும் பின்னால் அமர்ந்து காதைத் தீட்டிக்கொண்டிருந்தார்கள். உரசும் ஓசையை முதலில் கேட்பவருக்குப் பரிசு என்று அவர்களுக்குள் பந்தயம். பரிசை யாரும் பெறவில்லை.

குடியிருப்பின் கூரை போய்விட்டிருந்தது. சுவர்களில் பாசி. ஆனால் பின்புறத்தில் நாரத்தை மரம் காய்த்து நின்றது. தந்தையார் ஒன்றும் பேசவில்லை. மரத்தடியில் சிறிது நேரம் நின்றார். கீழே உதிர்ந்திருந்த காய்களைத் தாமே குனிந்து பொறுக்கி மேல்துண்டில் முடிந்துகொண்டார். "ஊறுகாய்க்கு ஆகும்" என்றார். அவ்வளவுதான்.

இறங்கிக் கல்லாற்றில் வண்டியை நிறுத்தியதும், பேரன் மட்கார்டுக்குள் தலையை நுழைத்துப் பார்த்தான். "தாத்தா, சுண்ணக்கோடு அப்படியே இருக்கிறது!" என்று கூவினான். தந்தையார் பேரேட்டை வாங்கி, அன்றைய தேதியிட்டு, ஏறிய ஆள் ஐவர், வளைவுகள் 22, உரசல் இல்லை என்று எழுதிக் கையொப்பமிட்டார்.

அன்பர்களே, உங்கள் வண்டி ஜீப்பாக இருக்கவேண்டும் என்பதில்லை. காராகவோ, ஆட்டோவாகவோ, சுமை வண்டியாகவோ இருக்கலாம். புதிதாக ஓர் உரசல் கேட்டால், கத்திரியையும் சுத்தியையும் தேடாதீர்கள். ஒரு தாளும் எழுதுகோலும் எடுத்துக்கொள்ளுங்கள். எப்போது, எந்தப் பக்கம், எத்தனை சுமையில் என்று எழுதுங்கள். இரு பக்கங்களையும் அளந்து ஒப்பிடுங்கள். ஒரு பக்கம் மட்டும் உரசுமானால், ஒருநாளும் அதனை அசட்டை செய்யாதீர்கள். கமானையும் அதன் நடுப் போல்ட்டையும் தக்கவரைக் கொண்டு பார்த்துவிட்டுத்தான் மலையேறுங்கள். வண்டியில் அமர்ந்து வருகிறவர்கள் நம்மவர்கள். அவர்கள் ஏறியபடியே இறங்கி வரவேண்டும்.